சும்மா அடிக்கும் மணி

கொட்டாஞ்சேனையில் பொழுது புலர்வதைக் கண்ணைவிடக் காதே முதலில் அறியும். பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் மணி ஒருபுறம், புனித லூசியா பேராலயத்தின் மணி மறுபுறம், பள்ளிவாசலின் பாங்கொலி இன்னொருபுறம். இவற்றுக்கிடையே துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல். அங்கேயே பிறந்து வளர்ந்தோர் இவ்வொலிகளைக் கேட்பதில்லை என்றே கூறவேண்டும். புதிதாக வந்து தங்கும் விருந்தினரே திடுக்கிட்டு எழுவர்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் வாழும் முதியவர் ஒருவருக்கு இவ்வழமையான செய்தி வாழ்நாட் கவலையாக ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்துவந்த தொழில், மணிகளை ஒலிக்கச் செய்வதாகும். கோயில் மணியன்று, தொழிற்சாலைகளின் அபாய மணி. கட்டுப்பாட்டறைகளில் அபாய அறிவிப்புப் பலகைகளைப் பொருத்துவதும், அவற்றின் கம்பிகளைத் தொடுப்பதும், மாதந்தோறும் சோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிடுவதுமே அவர் கடமை. வடமராட்சியிலிருந்து இளைஞராகக் கொழும்புக்கு வந்து தொழில் பழகியவர். 1983 யூலைக்குப் பின் வளைகுடா நாடொன்றின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினொரு ஆண்டுகள் பணிபுரிந்து, மீண்டும் கொட்டாஞ்சேனைக்கே திரும்பினார்.

அப்பலகையைக் காணாதோர்க்கு அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். சுவரிற் பொருத்திய ஓர் இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் வரிசை வரிசையாகச் சிறு கண்ணாடிச் சாளரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொற்கள் எழுதப்பட்டிருக்கும்: கொதிகலன் நீர்மட்டம் குறைவு, எண்ணெய் அமுக்கம் குறைவு, மோட்டார் வெப்பம் மிகை. தொழிற்சாலையில் எங்கோ ஒரு மூலையில் நீர் குறைந்தால் மிதவையொன்று கீழிறங்கும், அது ஓர் ஆளியைத் திறக்கும், பெட்டியினுள்ளே அதற்குரிய றிலே விடுபடும், சாளரம் மின்னி மின்னி எரியும், மணி அலறும். கீழே மூன்று பொத்தான்கள் உள்ளன. முதலாவதை அழுத்தினால் மணி அடங்கும், மின்னிய விளக்கு நிலையாக எரியும். நிலைமை சீரான பின் இரண்டாவதை அழுத்த விளக்கு அணையும். மூன்றாவது, எல்லா விளக்குகளும் மணியும் உயிரோடிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. 1979 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கருவியியற் கழகம் இவ்வொழுங்குகளை ஒரு நியமமாக வெளியிட்டது. ஆயினும் அதற்கு முன்பே உலகெங்கும் தொழிலாளர் கைகள் இவற்றைப் பழகியிருந்தன.

றிலே என்பதைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது தமிழ்ச் சங்கத்தாருக்கு உவப்பான வினாவாகலாம். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் அஞ்சலோட்டம் என்று நாம் கூறும் ஓட்டத்தின் ஆங்கிலப் பெயரும் இதுவே. களைத்த குதிரையை மாற்றி வழியிற் புதுக் குதிரை பூட்டுவதே அவ்வாங்கிலச் சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று. தந்திக் கம்பியில் நெடுந்தூரம் சென்று மெலிந்த மின்னோட்டம், வழியில் ஒரு காந்தச் சுருளை மட்டும் உயிர்ப்பித்து, அச்சுருள் வேறொரு வலிய மின்சுற்றைத் திறந்து மூடும்படி செய்த உபாயத்துக்கும் அப்பெயர் வந்தது. 1830களில் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி இவ்வுபாயத்தைச் செய்து காட்டினார். இலங்கையில் முதலாவது தந்தித் தொடர்பு 1858 இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே ஏற்பட்டது. காலிக்குச் செல்லும் அக்கரையோரப் பாதை பின்னரும் இக்கட்டுரையில் வரும்.

முதியவர் மிகவும் போற்றிய தத்துவம் ஒன்றுண்டு. நல்ல நிலையில் றிலேயின் சுருளில் மின்னோட்டம் எந்நேரமும் பாய்ந்துகொண்டேயிருக்க வேண்டும். அபாயம் வரும்போதுதான் அது நிற்க வேண்டும். அப்பொழுது கம்பி அறுந்தாலும், உருகி எரிந்தாலும், முனையிலே திருகாணி தளர்ந்தாலும் மணி அடிக்கும். முற்காலத்திற் சாமக்காவலன் நாழிகைக்கொருமுறை குரல் கொடுப்பான். குரல் கேட்கும்வரை ஊர் உறங்கும், கேளாதபோது விழிக்கும். அதுபோன்றதே இதுவும். மாறாக, அபாயத்தின்போது மட்டும் மின்னோட்டம் பாயுமாறு கம்பி தொடுத்தால், என்றோ அறுந்துபோன கம்பி ஒருவருக்குந் தெரியாமல் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். அவ்வாறு தொடுத்த பலகைகளை அவர் 'ஊமைப் பனல்' என்று ஏளனமாகக் கூறுவார்.

கடற்கரை நகரத்தில் இத்தொழிலுக்கு எதிரிகள் பலர். உப்புக் காற்று வெள்ளித் தொடுகைகளைக் கறுக்கச் செய்யும். மழைக்காலத்து ஈரம் முனைகளிற் பச்சையம் பூக்கச் செய்யும். சுருளின் வெதுவெதுப்பை நாடிப் பல்லிகள் பெட்டிக்குள் குடிபுகும். ஒரு பல்லி இரு முனைகளைத் தொட்டு மாள்வதால் எழும் மணியைக் கேட்டு ஒரு தொழிற்சாலையே நின்றதுண்டு. எறும்புகள் தொடுகைகளுக்கிடையே நசுங்கி அவற்றைப் பொருந்தவிடாது தடுக்கும். இவற்றையெல்லாம் தூரிகையாலும் துணியாலும் அவர் வென்றார். வெல்ல முடியாதுபோன எதிரி வேறு.

வளைகுடாவிலிருந்து திரும்பிய இரண்டாம் ஆண்டில், கொழும்பின் புறநகரிலிருந்த சாயத் தொழிற்சாலையொன்றுக்கு அவர் ஒரு பலகை பொருத்தினார். முப்பத்திரண்டு சாளரங்கள். அதுவரை அவர் செய்தவற்றுள் மிக அழகியது அதுவே. ஒவ்வொரு கம்பிக்கும் இரு நுனியிலும் இலக்கமிட்ட உறை. வளைவுகள் யாவும் ஒரே அளவு. கதவைத் திறந்தால் வாரிச் சீவிய கூந்தல்போல் இருக்கும் என்று உடன் வேலைசெய்தோர் புகழ்ந்தனர். முகாமையாளரும் முப்பத்திரண்டு சாளரங்களையும் வருவோர்க்குக் காட்டி மகிழ்ந்தார். குடிநீர்த் தாங்கி நிரம்பினால் ஒரு சாளரம். களஞ்சியக் கதவு திறந்திருந்தால் ஒரு சாளரம். கொதிகலனில் நீர் குறைந்தாலும் ஒரு சாளரம். எல்லாவற்றுக்கும் ஒரே மணி.

கொதிகலனின் நீர்மட்டம் ஓயாது ஏறியிறங்குவது. சாயத் தொட்டிகள் ஒருங்கே நீராவி இழுப்பதை நிறுத்தும்போது மட்டம் ஒரு கணம் தாழ்ந்து மீளும். அவ்வொரு கணத்துக்கும் மணி அலறும். பத்து விநாடி பொறுத்துப் பார்த்துப் பின் அறிவிக்கும் காலந்தாழ்த்தும் றிலேயொன்றை இடையிற் பொருத்தியிருப்பின் பத்தில் ஒன்பது மணிகள் எழுந்திரா. இது அவருக்குத் தெரியாததன்று. அவ்வகை றிலே கைவசம் இல்லை, தருவிக்க வேண்டும், அடுத்த கொள்வனவிற் பார்ப்போம் என்று விட்டிருந்தார். அடுத்த கொள்வனவிலும் அது விடுபட்டது.

மாதச் சோதனையொன்றின்போது நீர்மட்டச் சாளரம் மாத்திரம் எரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். றிலேயின் நாக்கு விடுபடாதவாறு நெருப்புப்பெட்டி மட்டையொன்று மடித்துச் செருகப்பட்டிருந்தது. இரவு வேலைக்கு நின்றவர் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். ஒளிக்காமலே ஒப்புக்கொண்டார்.

“அது சும்மா அடிக்குதுங்க ஐயா. ராவெல்லாம் அடிச்சா மனுசன் எப்படி நிக்கிறது?”

“தம்பி, சும்மா அடிக்கிற மணி எண்டு ஒண்டு இல்லை. அடிச்சால் ஏதோ இருக்கு.”

“நூறு தடவ போய்ப் பாத்தேங்க. ஒண்ணுமே இல்ல.”

மட்டையை எடுத்தெறிந்துவிட்டு, பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடமும் கூறிவிட்டு அவர் வீடு திரும்பினார். ஐந்து வாரங்களின் பின் ஒரு விடியற்காலை அவரை அழைக்க வாகனம் வந்தது. மட்டை மீண்டும் அதே இடத்தில் இருந்தது. அதற்கும் கீழே, எரிபொருளை நிறுத்தவேண்டிய இரண்டாவது மிதவை சேற்றில் அடைபட்டு அசையாது நின்றிருந்தது. கழிவுநீரைத் திறந்துவிடும் வேலை பல நாள் நடைபெறவில்லை. நீரின்றிக் கொதிகலன் காய்ந்தது. கண்ணாடிக் குழாயில் நீரே இல்லாததைக் கண்டு பதறிய இளைஞர், செய்யத் தகாத அந்த ஒன்றைச் செய்தார்: குளிர்நீரைத் திறந்துவிட்டார். குழாயொன்று வெடித்தது. இரு கைகளும் முழங்கை வரை வெந்து அவர் பல வாரங்கள் மருத்துவமனையிற் கிடந்தார்.

விசாரணை சிறியது. மட்டை செருகியவர் குற்றவாளி என்று முடிந்தது. முதியவர்மேல் ஒரு சொல்லும் வரவில்லை. பதிவேட்டில் அவர் ஒப்பம் ஒழுங்காக இருந்தது. அவ்வொப்பமே அவரை உறங்கவிடாது செய்தது என்று அவரை அறிந்தோர் கூறுவர். ஓர் இளைஞனை நூறு முறை வீணே ஓடச் செய்தது எவர் பொருத்திய மணி? நூற்றோராம் முறையும் ஓடியிருக்க வேண்டும் என்று சட்டம் கூறலாம். இரவு இரண்டு மணிக்கு, பன்னிரண்டு மணிநேர வேலையின் நடுவில் நிற்கும் உடல் அதற்கு இசையுமா என்பதே வினா. இளைஞருக்குத் தவறில்லை என்று கூறுவது மிகையாகும். ஆனால் அவர் ஒருவரது தவறே என்று கூறுவது அதனினும் மிகை.

பின்னாளில் அவர் தேடிப் படித்தவை, பெரிய நாடுகளின் பெரிய ஆலைகளிலும் இதுவே நிகழ்ந்ததை அவருக்குக் காட்டின. 1979 மார்ச் 28 ஆம் திகதி, அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில் விபத்துத் தொடங்கிய முதற் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒருங்கே எழுந்தன. எது முதன்மையானது, எது அதன் விளைவு என்று பிரித்தறிய இயலாது இயக்குநர் திகைத்தனர். அவற்றைத் தாளில் அச்சிட்ட பொறியோ மணிக்கணக்கிற் பின்தங்கியது. மூடியிருக்க வேண்டிய வால்வு ஒன்று திறந்தே கிடந்தது. ஆனால் பலகையின் விளக்கு, வால்வு மூடியதைக் காட்டவில்லை. மூடும்படி கட்டளை போனதையே காட்டியது. விளக்கை நம்பியோர் ஏமாந்தனர். 1994 யூலை 24 ஆம் திகதி வேல்ஸிலுள்ள மில்பர்ட் ஹேவன் சுத்திகரிப்பு நிலையத்தில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்திய பதினொரு நிமிடங்களில் இரு இயக்குநர்கள் முன் எழுந்த அறிவிப்புகள் 275. மூச்சுவிடும் நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பொத்தானை அழுத்துவதன்றி அவர்கள் வேறென்ன செய்திருக்கலாம்? அதன்பின் 1999 இல் பிரித்தானியத் தொழிற்றுறைப் பயனர் சங்கமொன்று வெளியிட்ட 191 ஆம் இலக்க வழிகாட்டி, அமைதியான வேளையில் ஓர் இயக்குநருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அறிவிப்புக்கு மேல் வருதல் தகாது என்று வரையறுத்தது.

இளைஞர் மருத்துவமனையிலிருந்து மீள்வதற்குள் முதியவர் அச்சாயத் தொழிற்சாலைக்குச் சென்று, தமது அழகிய பலகையைத் தாமே கலைத்தார். முப்பத்திரண்டு சாளரங்கள் பதினான்காயின. குடிநீர்த் தாங்கியும் களஞ்சியக் கதவும் மணியை இழந்து வெறும் விளக்காயின. கொதிகலனுக்கு மட்டும் வேறொலியுடைய தனி மணி. இடையே, தம் சொந்தப் பணத்தில் வாங்கிய காலந்தாழ்த்தும் றிலே. காசு கொடுத்து வாங்கியவற்றை ஏன் அகற்றுகிறீர் என்று பொறியியலாளர் கடிந்தார். கேட்காத மணிக்கு ஏன் காசு கொடுத்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். வாரிச் சீவிய கூந்தல் போலிருந்த கம்பிக் கட்டில் அதன்பின் ஆங்காங்கே இடைவெளிகள் தெரிந்தன. அதை அவர் ஒழுங்குபடுத்தவில்லை.

மூன்று பொத்தான்களுள் முதலாவது பற்றி அவர் இடையறாது பேசுவார். அதை அழுத்துவது 'கேட்டேன்' என்பதற்கு மட்டுமே, 'செய்தேன்' என்பதற்கன்று. இரண்டுக்குமிடையே உள்ள தூரத்தை எந்தக் கம்பியும் கடப்பதில்லை. இதற்கு அவர் எடுத்துக்காட்டுவன ஆலைகளல்ல.

ஒன்று, வெள்ளவத்தைக் கடலோரமாகச் செல்லும் புகையிரதப் பாதை. 2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நடுங்கிய அதே வேளையில் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட வண்டி, வழமைபோல் வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே சென்றது. நடுக்கத்தைப் பல்லேகலையிலுள்ள கருவி சில நிமிடங்களிலேயே பதிந்துவிட்டது. ஆனால் அலை இங்கு வரும் என எவரும் எண்ணவில்லை. கடல் பொங்கிய செய்தி மருதானைக் கட்டுப்பாட்டகத்தை எட்டியபோது, கரையோரப் பாதையில் ஓடிய எட்டு வண்டிகளை நிறுத்த அங்கிருந்தோரால் இயன்றது. இந்த வண்டியை மட்டும் இயலவில்லை. அம்பலாங்கொடை நிலையத்தில் தொலைபேசி ஒலித்தது. நிலையத்தார் அனைவரும் அவ்வண்டியின் அலுவலாகவே மேடையில் நின்றனர். எடுத்தபோது வண்டி போய்விட்டது. பெரலியவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1858 இலேயே செய்தி கடந்த பாதை அது. கருவியும் கம்பியும் மணியும் இருந்தன; கடமை தவறியவர் என்று சுட்டத்தக்க ஒருவர்கூட அந்த மேடையில் இல்லை. முதியவரை வருத்துவது அதுவே.

மற்றையது அவர் வீட்டுக்கு நடைதூரத்தில் நிகழ்ந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளிற் சைவரும் செல்வது கொட்டாஞ்சேனை வழக்கம். அவர் மனைவியாரும் செல்பவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கு குண்டு வெடித்தது. முன்னறிவித்தல் ஏப்ரல் 4 ஆம் திகதியே நாட்டுக்குக் கிடைத்திருந்தது; அது கடிதமாகிக் கைமாறியது; ஒவ்வொரு கையும் 'கேட்டேன்' பொத்தானை அழுத்தி அடுத்த கைக்கு விட்டது. 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பிலிருந்தோர் கடமை தவறினர் எனத் தீர்த்து நட்டஈடு செலுத்தப் பணித்தது. இதுபற்றி முதியவர் அதிகம் பேசுவதில்லை.

ஓய்வு பெற்றபின்னும் அவர் தொழிலை முற்றாக விடவில்லை. வெள்ளவத்தையில் இன்று ஆலைகள் இல்லை. பழைய நூற்பு நெசவாலை இருந்த நிலத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள்தோறும் எட்டு மாடி, பத்து மாடி. ஒவ்வொன்றின் வாயிலிலும் காவலாளியின் மேசைக்குப் பின்னால் ஒரு தீ அறிவிப்புப் பலகை. றிலேக்கள் சுருங்கி உள்ளே மறைந்துவிட்டன. ஆனால் மூன்று பொத்தான்களும் அப்படியே உள்ளன. அத்தகைய சில கட்டடங்களை அவர் மாதந்தோறும் பார்த்து வருகிறார்.

கடலோர ஒழுங்கையொன்றிலுள்ள கட்டடத்தில் அண்மையில் அவர் கண்டது பழைய மட்டையின் புதிய வடிவம். மணியின் வாயில் ஒட்டுநாடா மூன்று படையாக ஒட்டப்பட்டிருந்தது. ஆறாம் மாடி வலயம் பொத்தானால் விலக்கப்பட்டிருந்தது. காவலாளி தயங்கித் தயங்கிக் காரணம் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆறாம் மாடி வீடொன்றிற் சாம்பிராணி போடுகிறார்கள். வாசலுக்கு நேரே கூரையிற் புகையுணரி. மணி அடித்தால் மற்ற வீட்டார் இறங்கி வந்து காவலாளியைத்தான் ஏசுகிறார்கள்.

முதியவர் ஏசவில்லை. ஆறாம் மாடிக்கு ஏறி, விதிக்கு உட்பட்ட தூரத்தில் அவ்வுணரியை அந்த வாசலிலிருந்து படிக்கட்டுப் பக்கமாக மாற்றிப் பொருத்தினார். அரை நாள் வேலை. அந்த வீட்டம்மாள் தேநீர் கொடுத்து, தாங்கள் சாம்பிராணியை நிறுத்திக்கொள்வதாகக் கூறினார். “நிறுத்த வேண்டாம் அம்மா, வழக்கம்போலப் போடுங்கோ. எனக்கு அதுதான் வேணும்” என்றார் அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்தில் வந்து காவலாளியின் அருகே ஒரு நாற்காலியில் அமர்ந்தார். ஆறாம் மாடியிலிருந்து சாம்பிராணி மணம் படிவழியே இறங்கிக் கீழ்வரை வந்தது. பலகை அமைதியாக இருந்தது. முக்கால் மணிநேரம் கழித்து அவர் எழுந்து மணியின் வாயிலிருந்த ஒட்டுநாடாவை உரித்தார். விலக்கியிருந்த வலயத்தைச் சேர்த்தார். மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.

மணி நாற்பது விநாடிகள் ஒலித்தது. கட்டடத்தில் முப்பத்தெட்டு வீடுகள். சிலர் முகப்பு மாடங்களில் வந்து எட்டிப் பார்த்து உள்ளே போயினர். ஆறாம் மாடி அம்மாளும், பள்ளிச் சீருடை களையாத அவர் பேத்தியும் மட்டும் படியிறங்கி வந்தனர். முதியவர் அவர்களுக்கு நன்றி சொல்லி, பதிவேட்டைத் திறந்து திகதியையும் நேரத்தையும் எழுதினார். குறிப்பு என்ற நிரலில், 'மணி நன்று. இறங்கி வந்தோர் இருவர்' என்று எழுதி ஒப்பமிட்டு, அடுத்த மாதச் சோதனைக்குரிய நாளைக் காவலாளியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.